டவர் லைனுக்குக் கீழே டியூப்லைட் எரியுது, சரி, அப்புறம்?

டவர் லைனுக்கு அடியில் நின்று வெறும் கையில் டியூப்லைட்டைத் தூக்கிப் பிடித்தால் அது எரிகிறது என்று ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் அவ்வப்போது சுற்றி வரும். எங்கள் காவேரிப்பட்டணம் பக்கம் யாருக்காவது அது வந்துவிட்டால் மறுநாள் காலை என் கடைக்கு வந்து போனை நீட்டாமல் விடமாட்டார்கள், ஏனென்றால் நான் வைத்திருப்பது வயரிங், மோட்டார் வேலை பார்க்கும் எலக்ட்ரிகல் கடை. "இது கிராபிக்ஸா, நிஜமா?" என்பது முதல் கேள்வி. நிஜம்தான், பேட்டரி எதையும் ஒளித்து வைக்கவில்லை. "அப்போ கரண்ட் கீழே இறங்குதுன்னுதானே அர்த்தம்?" என்பது இரண்டாவது கேள்வி. இதற்கு டீ ஆறுவதற்குள் பதில் சொல்லி முடிக்க முடிவதில்லை, அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

லைனைப் பற்றி யார் எது சொன்னாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் சொல்வது வோல்டேஜ் செய்யும் வேலையா, கரண்ட் செய்யும் வேலையா? வோல்டேஜ் இருந்தால் மின்புலம் இருக்கும். கரண்ட் ஓடினால் காந்தப்புலம் இருக்கும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பாதி பயமும் வருகிறது, பாதி அலட்சியமும் வருகிறது.

என் பையில் இருக்கும் இரண்டு சாமான்களை வைத்தே இதைப் பார்த்துவிடலாம். ஒன்று, பேனா மாதிரி இருக்கும் தொடாத டெஸ்டர். வயரின் தோலுக்கு மேலேயே அதைக் கொண்டுபோனால் பீப் பீப் என்று கத்தும், தாமிரத்தைத் தொட வேண்டியதே இல்லை. லைட் அணைந்திருந்தாலும் ஸ்விட்ச் வரைக்கும் வரும் பேஸ் வயரில் கத்தும், ஏனென்றால் அங்கே கரண்ட் ஓடவில்லை என்றாலும் 230 வோல்ட் உட்கார்ந்திருக்கிறது, அதைச் சுற்றி மின்புலம் இருக்கிறது, டெஸ்டர் உணர்வது அதைத்தான். இன்னொன்று டாங் டெஸ்டர். அதன் வாயைத் திறந்து அதே வயரைக் கவ்வினால் பூஜ்யம் காட்டும். லைட்டையோ மோட்டாரையோ போட்டதும் ஆம்பியர் ஏறும். இதுவும் தாமிரத்தைத் தொடுவதில்லை. ஓடும் கரண்டைச் சுற்றி எழும் காந்தப்புலம் மாறிக்கொண்டே இருப்பதால் டாங் டெஸ்டரின் வாய்க்குள் இருக்கும் காயிலில் சிறிய வோல்டேஜ் உண்டாகிறது, ஃபாரடே 1831-இல் கண்டுபிடித்தாரே, அதே சங்கதி.

இதில் இன்னொரு விஷயத்தையும் கவனித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். பேஸையும் நியூட்ரலையும் சேர்த்து ஒரே கவ்வலில் பிடித்தால் எவ்வளவு லோடு ஓடினாலும் டாங் டெஸ்டர் பூஜ்யம்தான் காட்டும். போகிற கரண்டும் வருகிற கரண்டும் சமம், திசை எதிர், ஒன்றின் காந்தப்புலத்தை இன்னொன்று அடித்துவிடுகிறது. கிணற்று மோட்டாரின் மூன்று பேஸ் கேபிளை மொத்தமாகப் பிடித்தாலும் இதே கதைதான். பூஜ்யம் வரவில்லை என்றால் எங்கோ மண்ணுக்குக் கசிகிறது என்று அர்த்தம், கசிவு வந்ததும் கரண்டைத் துண்டிக்கும் வீட்டு ஈ.எல்.சி.பி. ஆளைக் காப்பாற்றுவதே இந்தக் கணக்கை வைத்துத்தான்.

புலம் என்றால் என்ன என்று படித்த பிள்ளைகளே தடுமாறுவார்கள். தென்பெண்ணை ஆற்று மணலில் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை இழுத்துப் பார்த்தவர்களுக்கு அந்தத் தடுமாற்றம் இருக்காது. வெள்ளை மணலை விட்டுவிட்டுக் கருமணல் மட்டும் ஏறி ஒட்டும், மேக்னடைட் அது, இரும்பு ஆக்சைடு. ஒட்டியதும் மொத்தையாகப் படிந்துவிடாது, முள்ளம்பன்றி போல முனை முனையாக நிமிர்ந்து நிற்கும், காந்தத்தின் ஓரத்தில் முனைகள் வெளியே வளையும், நடுவில் நேராக நிற்கும். காந்தத்துக்கு வெளியே வெறும் காற்றாகத் தெரியும் இடத்தில் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு திசையும் ஒரு பலமும் இருக்கிறது, மணல் அதைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான் புலம். மின்புலத்தை இப்படிக் காட்ட ஆற்று மணல் உதவாது. டியூப்லைட் உதவும்.

இப்போது லைனுக்கு வருவோம். ஓசூரிலும் தர்மபுரியிலும் 400 கே.வி. (கிலோவோல்ட்) துணைமின் நிலையங்கள் இருப்பதால் எங்கள் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்கள் இரண்டிலும் மாந்தோப்பு, ராகிக் கொல்லை, தக்காளித் தோட்டம் என்று எதற்கு மேலாகவும் கம்பி போகும். 400 என்பது இரண்டு பேஸ் கம்பிகளுக்கு நடுவில் உள்ள கணக்கு, ஒரு கம்பிக்கும் மண்ணுக்கும் நடுவில் 231 கிலோவோல்ட். கம்பி மிகவும் தொய்ந்து தொங்கும் இடத்திலும் தரையிலிருந்து 8.84 மீட்டராவது இருக்க வேண்டும். 231-ஐ 8.84-ஆல் வகுத்து மீட்டருக்கு 26 கிலோவோல்ட் என்று நினைத்துவிடாதீர்கள். புலம் கம்பிக்குப் பக்கத்தில் நெருக்கமாகவும் தரைக்கு வரவர அகலமாகவும் விரிந்துவிடுகிறது. ஆள் உயரத்தில் மோசமான இடத்தில்கூட மீட்டருக்கு 8, 10 கிலோவோல்ட்தான் இருக்கும், ஓரமாக நகர நகரச் சடசடவென்று குறையும். எதுவுமே இல்லாத வெட்டவெளியில், நல்ல வெயில் நாளில், வானத்துக்கும் பூமிக்கும் நடுவில் தானாகவே மீட்டருக்கு 100 வோல்ட் சொச்சம் இருக்கிறது. இடி மேகம் வந்தால் அது பல ஆயிரம் வோல்ட்டாக ஏறும்.

கம்பிக்குப் பக்கத்தில் நெருக்கம் என்றேனே, அது காதிலேயே கேட்கும். மார்கழிப் பனியில் விடியற்காலை லைனுக்கு அடியில் நடந்தால் எண்ணெயில் கடுகு பொரிவதுபோல் சரசரவென்று ஒரு சத்தம் வருமே, கம்பியை ஒட்டிய காற்று உடைகிற சத்தம் அது. காற்று சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 30 கிலோவோல்ட் வரைதான் தாங்கும். கம்பியில் ஒட்டிய பனித்துளியின் நுனியில் புலம் அதைத் தாண்டிவிடுகிறது. ஒரு பேஸுக்கு ஒற்றைக் கம்பி போடாமல் இரண்டு, நான்கு என்று இடைவெளி விட்டுக் கட்டியிருப்பதில் இதற்கும் பங்கு உண்டு, அப்படிக் கட்டினால் மேற்பரப்பில் புலம் தணியும். கரண்ட் அதிகம் போவதற்காக மட்டும்தான் அது என்று நம்ம ஆட்கள் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, டியூப்லைட். குழாய்க்குள் கொஞ்சம் ஆர்கானும் பாதரச ஆவியும் இருக்கும். மீட்டருக்குப் பல ஆயிரம் வோல்ட் புலத்தில் நாலடிக் குழாயை நிமிர்த்திப் பிடித்தால் மேல் முனைக்கும் கையில் இருக்கும் கீழ் முனைக்கும் நடுவில் வாயுவை உடைக்கப் போதுமான வோல்டேஜ் கிடைத்துவிடுகிறது. புலம் விநாடிக்கு 50 தடவை போய் வருவதால் மைக்ரோ ஆம்பியர் கணக்கில் கரண்டும் போய் வருகிறது, குழாய் மங்கலாக ஒளிர்கிறது. பகலில் தெரியாது, நன்றாக இருட்ட வேண்டும். ஒளிரும்போது கையை மெதுவாக மேலே நகர்த்திப் பாருங்கள், கைக்கு மேலே உள்ள பாகம்தான் பளிச்சென்று இருக்கும், கீழே மங்கிவிடும். மண்ணோடு சேர்ந்த உங்கள் உடம்புதான் அந்தக் கரண்டின் மறுபாதி வழி. பிரிட்டனில் ரிச்சர்ட் பாக்ஸ் என்ற கலைஞர் 2004-இல் ஒரு லைனுக்கு அடியில் 1,301 டியூப்லைட்டுகளை வயலில் நாற்று நட்டதுபோல் நட்டுவைத்து ராத்திரியில் எரிய விட்டார், எதற்கும் வயர் கிடையாது. அதையே நம் ஊரில் செய்தால் போராட்டம் என்று போலீஸ் வரும்.

அதே குழாயைப் பக்கத்து மாமரத்துக்கு அடியில் பிடியுங்கள், எரியாது. ஈரமுள்ள மரம் மண்ணோடு சேர்ந்த கடத்தி, புலத்தைத் தன் தலையில் வாங்கிக்கொண்டு அடியில் நிழல் கொடுத்துவிடும். எர்த் ஆன தகரக்கூரை, வீட்டுச் சுவர் எல்லாம் இப்படித்தான். மின்புலத்தை மறைப்பது அவ்வளவு சுலபம். காந்தப்புலம் மரத்தையும் சுவரையும் கண்டுகொள்ளாமல் நேராகப் போகும்.

இனி, எனக்கு அடிக்கடி வேலை கொடுக்கும் விஷயத்துக்கு வருகிறேன். பாலக்கோடு பக்கம் ஒரு தோட்டக்காரர் கூப்பிட்டார். "தம்பி, எவனோ என் வேலியில கரண்ட் விட்டிருக்கான், ஆடு தொட்டுத் துள்ளிடுச்சு, நானும் தொட்டுப் பார்த்தேன், சுரீர்னுது." அவர் சந்தேகம் சும்மா வந்ததில்லை. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி பக்கம் திருட்டுத்தனமாக மின்சாரம் விட்ட வேலியில் மாட்டி மூன்று யானைகள் செத்த ஊர்ப்பக்கம் இது. போய்ப் பார்த்தால் வேலி டவர் லைனுக்குக் கீழேயே, லைனோடு ஒட்டி நீளமாகப் போகிறது. நட்டிருப்பது எல்லாம் கல்தூண். எங்கள் மாவட்டங்களில் கல் மலிவு, வேலிக்கால் என்றாலே கருங்கல்தான். காய்ந்த கருங்கல் நல்ல இன்சுலேட்டர், அதில் இழுத்துக் கட்டிய முள்கம்பி மண்ணோடு எங்கும் சேராமல் காற்றில் தொங்குவதற்குச் சமம். மேலே இருக்கும் கம்பி ஒரு தகடு, கீழே வேலி ஒரு தகடு, நடுவில் காற்று, ஆக சார்ஜைப் பிடித்து வைக்கும் ஒரு பெரிய கண்டென்சர் அங்கே தானாகவே உருவாகியிருக்கிறது.

நியான் டெஸ்டரை வைத்தேன், எரிந்தது. மீட்டரை வைத்தேன், வோல்ட் நூற்றுக்கணக்கில் காட்டியது. "பார்த்தியா!" என்றார். டெஸ்ட் லேம்ப்பை வேலிக்கும் மண்ணில் அடித்த கம்பிக்கும் நடுவில் போட்டேன், துளிகூட எரியவில்லை, மீட்டரும் அந்த நொடியே படுத்துவிட்டது. "உன் பல்பு பீஸ் போயிருக்கும் தம்பி, வேற போடு." வேறு போட்டேன், அதுவும் எரியவில்லை. நிஜமாகவே யாராவது வீட்டு லைனிலிருந்து இழுத்து விட்டிருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்திருக்கும். இது வோல்டேஜ் மட்டும் இருக்கிற, பின்னால் கரண்ட் கொடுக்க ஆள் இல்லாத கேஸ். இதை நீங்களாகச் சோதிக்கக் கிளம்பாதீர்கள், ஒருவேளை திருட்டு வேலியாகவே இருந்தால் கதை முடிந்துவிடும்.

ஆளுக்கே எவ்வளவு ஓடும் என்று கேட்டால், மீட்டருக்கு ஒரு கிலோவோல்ட் புலத்தில் நிற்கும் மனிதன் வழியாக ஏறக்குறைய 16 மைக்ரோ ஆம்பியர் மண்ணுக்குப் போகும். 10 கிலோவோல்ட்டில் 0.16 மில்லி ஆம்பியர். தொடர்ந்து ஓடும் கரண்டை உடம்பு உணர ஏறத்தாழ ஒரு மில்லி ஆம்பியராவது வேண்டும். ஆனால் வேலி நீளமானது, டிராக்டரும் லாரியும் பெரியது, அவை பிடித்து வைத்திருக்கும் சார்ஜ் உங்கள் விரல் பட்டதும் ஒரு பொட்டில் பொறியாக இறங்கும், அந்தச் சுரீர்தான் ஆட்டையும் அவரையும் துள்ள வைத்தது. வேலிக்குக் கொஞ்ச தூரத்துக்கு ஒன்றாக ஜி.ஐ. ராடு அடித்து எர்த் கொடுத்துவிட்டோம், வேலியை நடுநடுவே துண்டு துண்டாகப் பிரித்தும் கட்டினோம். எர்த் கொடுத்தால் மின்புலம் செய்த வேலை தீர்ந்தது. துண்டாகப் பிரிப்பது காந்தப்புலத்துக்காக, லைனில் ஓடும் கரண்ட் தனக்கு இணையாகப் போகும் நீளக் கம்பியிலும் வோல்டேஜை எழுப்பும், கம்பி எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு அது கூடும்.

காந்தப்புலக் கணக்கு ரொம்பச் சுலபம். ஒற்றைக் கம்பி என்றால் ஆம்பியரை 0.2-ஆல் பெருக்கி, மீட்டரில் தூரத்தால் வகுத்தால் காந்தப்புலத்தின் பலம் மைக்ரோ டெஸ்லா என்ற அளவில் வந்துவிடும். 500 ஆம்பியர், 10 மீட்டர் தூரம் என்றால் 10 மைக்ரோ டெஸ்லா. நிஜத்தில் மூன்று பேஸும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால், அந்த டாங் டெஸ்டர் பூஜ்யம் காட்டியதே அதே காரணத்தால், தள்ளிப்போகப் போக இன்னும் வேகமாகக் குறையும். நம் பக்கத்தில் பூமியின் சொந்தக் காந்தப்புலமே சுமார் 40 மைக்ரோ டெஸ்லா. காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்முனை பக்கம் போவதால் அது இங்கே ஏறக்குறைய கிடையாகவே ஓடுகிறது, காம்பஸ் முள் மண்ணைப் பார்த்துப் பெரிதாகக் குனியாது. ஆனால் பூமியுடையது அசையாமல் நிற்கும், லைனுடையது விநாடிக்கு 100 முறை திசை மாறும், அதனால் இரண்டையும் அப்படியே ஒப்பிட்டுவிட முடியாது என்பதும் உண்மை. ஐசிஎன்ஐஆர்பி என்ற சர்வதேசக் குழு 2010-இல் பொதுமக்களுக்கு 50 ஹெர்ட்ஸில் வைத்த வரம்பு 200 மைக்ரோ டெஸ்லா, மின்புலத்துக்கு மீட்டருக்கு 5 கிலோவோல்ட். பாருங்கள், 400 கே.வி. லைனுக்கு நேர் கீழே மீறக்கூடியது மின்புல வரம்புதான். பயப்படுகிறவர்கள் எல்லோரும் பயப்படுவது காந்தப்புலத்தை நினைத்து.

புற்றுநோய்ப் பேச்சு 1979-இல் அமெரிக்காவின் டென்வரில் வெர்தைமர், லீப்பர் என்ற இருவர் செய்த ஆய்விலிருந்து தொடங்குகிறது. அதன்பின் வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், வீட்டில் எப்போதும் சராசரியாக 0.3, 0.4 மைக்ரோ டெஸ்லாவுக்கு மேல் இருக்கும் குழந்தைகளிடம் ரத்தப் புற்றுநோய் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது. அதனால் 2002-இல் ஐஏஆர்சி என்ற சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு இதை 2பி, அதாவது 'காரணமாக இருக்கக்கூடும்' என்ற பட்டியலில் போட்டது. முழுக் கற்றாழை இலைச் சாறும் பின்னாளில் சேர்ந்தது அதே பட்டியலில்தான். உலக சுகாதார நிறுவனம் 2007-இல் எல்லாவற்றையும் அலசிவிட்டு, இதுதான் காரணம் என்று சொல்ல ஆதாரம் போதாது என்றது. எனக்குத் தோன்றுவது: லைனுக்கு நேர் அடியில் வீடு கட்டாதீர்கள், விதியும் விடாது. 100 மீட்டர் தள்ளி வீடு இருந்தால் நிம்மதியாகத் தூங்குங்கள். ஹேர் டிரையரை மூன்று சென்டிமீட்டரில் பிடித்தால் 6-லிருந்து 2,000 மைக்ரோ டெஸ்லா வரை போகும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலே சொல்கிறது, முப்பது சென்டிமீட்டரில் அது 7-க்குள் வந்துவிடும். தூரம்தான் இங்கே எல்லாமே.

மாடு பால் குறைந்துவிட்டது என்பார்கள். கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கறவை மாடுகளை மீட்டருக்கு 10 கிலோவோல்ட், 30 மைக்ரோ டெஸ்லாவில் கட்டிவைத்துப் பார்த்தார்கள், கிடைத்த மாற்றங்கள் சாதாரண ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே இருந்தன. மாடு தண்ணீர்த் தொட்டியில் வாய் வைக்க மறுத்தால் டவரை அண்ணாந்து பார்க்காதீர்கள், மோட்டார் எர்த்தைப் பாருங்கள். ஈரக் குளம்போடு நிற்கும் மாட்டுக்கு நமக்குத் தெரியாத ஒன்றிரண்டு வோல்ட் கசிவே போதும்.

டி.சி. லைன் என்றால் இந்தக் கதை மாறும். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் பக்கம் புகளூர் வரும் லைன் பிளஸ் 800, மைனஸ் 800 கிலோவோல்ட், 6,000 மெகாவாட். அதில் புலம் திசை மாறாது என்பதால் அடியில் டியூப்லைட் பிடித்தால் ஏ.சி. லைனில் எரிகிற மாதிரி எரியாது. எரியவில்லை என்பதால் வோல்டேஜ் இல்லை என்று நினைத்துவிடுவதுதான் ஆபத்து.

இவ்வளவு சொன்னதும் "அப்போ நீ லைன்காரனுக்கு வக்காலத்தா?" என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. பெங்களூராவும் அல்போன்சாவும் காய்த்துக்கொண்டிருந்த மரங்களை வரிசையாக வெட்டிய தோப்பு எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும், அந்த நஷ்டத்தை நிரூபிக்க டியூப்லைட் தேவையே இல்லை. மத்திய மின்துறை 2015 வழிகாட்டுதலில் டவர் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பி போகும் பாதைக்கு அதிகபட்சம் 15 சதவீதம் என்று இருந்ததை 2024 ஜூனில் 200, 30 என்று உயர்த்தியது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கும்போது இந்த எண்களையும் மரக் கணக்கையும் வைத்துப் பேசுங்கள். புற்றுநோய் என்று ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் 2007 அறிக்கையைத் தூக்கிப் போடுவார், பேச்சு அங்கேயே திசை மாறிவிடும்.

லைன் ஆளைக் கொல்வது புலத்தால் இல்லை, நெருங்குவதால். அந்த வோல்டேஜுக்குத் தொட வேண்டியதே இல்லை, இடைவெளி குறைந்தால் அதுவே தாண்டி வரும். மாங்காய் பறிக்கும் கொக்கிக்கு அலுமினியக் குழாய் போடுவது, போர்வெல்லிலிருந்து உருவிய இருபதடி ஜி.ஐ. குழாயை அப்படியே நிமிர்த்துவது, தென்னை மட்டைக்கு இரும்பு ஏணி சாய்ப்பது, எல்லாம் இந்த வகை. எல்லாவற்றிலும் மோசம் போர்வெல் போடும் வண்டி. திருச்செங்கோட்டிலிருந்து வரும் வண்டிக்கு உங்கள் நிலம் புதிது, வந்து சேர்வது பெரும்பாலும் ராத்திரி, வண்டியின் உயரமான மாஸ்ட்டைத் தூக்குகிற ஆள் கவனிப்பது கீழே ஜாக்கியைத்தான். அதனால் போர்வெல் பாயிண்டை முடிவு செய்யும்போதே பகலில் ஒரு தடவை மேலே பாருங்கள். நீரோட்டம் பார்ப்பவர் தேங்காய் வைத்துக் காட்டிய இடம் லைனுக்குக் கீழே இருந்தால், அவரையே லைனை விட்டு நன்றாகத் தள்ளி இன்னொரு இடம் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள், தேங்காய் அங்கேயும் நிற்கும்.